கட்டில்ராஜா

"இன்னொரு பிளக் பாயிண்ட் இல்லியாம்மா?" என்று ஐஸ் பெட்டிக்காரர் கேட்டபோது மோகனப்பிரியா கட்டிலுக்கு அடியில் முழங்காலிட்டு ஒயர்களுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். இல்லை. ஹாலில் இருந்ததே ஒரு பெரிய பிளக். அதிலிருந்து இழுத்த ஜங்ஷன் பாக்ஸில்தான் தம்பி ராகேஷின் மூச்சு மெஷின், காற்று மெத்தையின் மோட்டார், அவனுடைய கம்ப்யூட்டர் மூன்றும் வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. மெஷினையும் மோட்டாரையும் விடிந்ததுமே யாரோ நிறுத்திவிட்டார்கள். கம்ப்யூட்டரை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

"அந்தப் பொட்டிய நிறுத்திட்டு இந்தப் பொட்டிக்குக் குடும்மா. வெயில் ஏறுதுல்ல" என்றார் கங்காதரன் மாமா.

மாமா அம்மாவுக்கு அண்ணன். பட்டாபிராமில் தலைமுறை தலைமுறையாக நிலம் உழுத குடும்பம். நிலமெல்லாம் மனைகளாகிப்போன பிறகு உழுவதற்கு ஒன்றும் இல்லாததால், சொந்தக்காரர் வீட்டு நல்லது கெட்டதுகளை உழுதுகொண்டிருந்தார். அப்பா இல்லாத வீடு என்பதால் இங்கே அவர் காட்டில் மழை. காலை ஆறு மணிக்கு வந்தவர், எட்டு மணிக்குள் பந்தல், நாற்காலி, பாடை கட்ட ஆள், தெருமுனைக்கு பேனர் எல்லாவற்றுக்கும் சொல்லி முடித்து, சாவுச் செய்தியையும் எழுதி எல்லார் போனுக்கும் அனுப்பிவிட்டிருந்தார்.

"ரெண்டு நிமிஷம் மாமா. ஒரு மெசேஜ் போட்டுட்டு நிறுத்திடறேன்" என்றாள் மோகனப்பிரியா.

"யாருக்கு? எல்லாருக்கும்தான் போட்டாச்சே!"

"அவனுக்குத் தெரிஞ்சவங்களுக்கு."

மாமா நம்பாத முகத்தோடு பார்த்தார். வீட்டு வாசலைத் தாண்டி ஒன்பது வருஷமான பையனுக்குத் தெரிந்தவர்கள் யார் என்று அவர் நினைத்ததில் தப்பொன்றும் இல்லை. ராகேஷுக்குத் தசைச் சிதைவு. பத்து வயதில் கால் போனது, பதினெட்டில் கை போனது. இருபதைத் தாண்டமாட்டான் என்று டாக்டர் சொன்னதை இருபத்தாறு வரைக்கும் இழுத்தடித்தவன். கடைசியில் அவனுக்கு மிச்சமிருந்தது வலது கட்டைவிரலும், வாயும், அந்தச் சீட்டாட்டமும்தான்.

ரம்மி இல்லை. இதை எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொன்னாலும் புரியாது. இது பூதங்களும் கோட்டைகளும் மந்திரங்களும் அச்சடித்த சீட்டு. ஆயிரக்கணக்கில் உண்டு. ஆடுகிறவர்கள் அவற்றிலிருந்து பொறுக்கித் தங்களுக்கென்று ஒரு கட்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கட்டு போல் இன்னொருவர் கட்டு இருக்காது. நிஜச் சீட்டைப் பிடிக்க ராகேஷின் விரல்களால் ஆகவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தின் மேல் கிறுக்குப் பிடித்த யாரோ நாலைந்து பேர் ஒரு மென்பொருளை எழுதிச் சும்மாவே கொடுத்துவைத்திருந்தார்கள். அது திரையில் ஒரு மேசையை மட்டும் போட்டுத் தரும். விதி ஒன்றும் அதற்குத் தெரியாது. எந்தச் சீட்டை எடுத்து எங்கே வைத்தாலும் தடுக்காது. நேர்மை ஆடுகிறவர்கள் பொறுப்பு.

அந்த மேசையில் ராகேஷின் பெயர் கட்டில்ராஜா. அவனே வைத்துக்கொண்டது. அவன் படுத்திருக்கிறான் என்பது அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பதில் அவ்வளவு கறாராக இருந்தான்.

போன பொங்கலுக்குப் பிறகு சீட்டை இழுத்து வைக்கிற தெம்பும் விரலில் போய்விட்டது. அதிலிருந்து மோகனப்பிரியாதான் அவனுக்குக் கை. ஒரு லாரி கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பில் போடுகிற வேலை அவளுக்கு. சாயங்காலம் அதை மூடிவைத்துவிட்டு வந்து உட்காருவாள். "மூணாவத எறக்கு. கோட்டைய திருப்பு. மாமாவ அனுப்பு" என்று அவன் சொல்லச்சொல்ல அவள் இழுத்து வைப்பாள். மாமா என்பது தொப்பை பெருத்த ஒரு நெருப்பு யாளி. மேசைக்கு வந்ததும் எல்லாரையும் அதட்டி ஓரத்தில் உட்காரவைக்கும் என்பதால் ராகேஷ் சூட்டிய பெயர். அவனுடைய சீட்டுக்கட்டிலேயே பெரிய சீட்டு அதுதான்.

மோகனப்பிரியா திரையைத் தட்டினாள். நேற்றைய மேசை அப்படியே திறந்திருந்தது. எல்லாரும் கூடிப் பேசுகிற அரட்டைப் பக்கத்தில் மாமாவின் செய்தியை ஒட்டினாள். வீட்டு முகவரி, மூன்று மணிக்கு எடுக்கிறோம் என்பது எல்லாம் அதிலேயே இருந்தது. கீழே, 'கட்டில்ராஜா என்று உங்களோடு ஆடியவர் இவர்தான்' என்று ஒரு வரி சேர்த்தாள். அனுப்பிவிட்டு மேசையை மூடப்போனபோதுதான் ஓரத்துப் பட்டை கண்ணில் பட்டது.

மேசைக்குப் பக்கத்தில் அந்தப் பட்டையில் எப்போதும் பொடி எழுத்தில் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கும். எட்டு மாதத்தில் ஒருநாள்கூட அவள் அதைப் படித்ததில்லை. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தை யார் படிக்கிறார்கள்? இப்போது ஆட்டம் நின்றுபோயிருந்ததால் எழுத்தும் நின்றிருந்தது.

'கட்டில்ராஜா தன் கட்டைத் திறந்து பார்க்கிறார். கட்டில்ராஜா சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டைக் கைக்கு எடுத்துக்கொண்டார்.'

ஆங்கிலத்தில், நேரத்தோடு, பளிச்சென்று இருந்தது. நேற்று மாலை ஐந்து நாற்பத்திரண்டு.

அவள் அதை இன்னொரு தடவை படித்தாள்.

"ஆச்சாம்மா?" என்றார் ஐஸ் பெட்டிக்காரர். அவள் கம்ப்யூட்டரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தாள்.

நேற்று நடந்தது இதுதான். அந்த மாதத்துப் போட்டியின் கடைசி ஆட்டம். எதிரே 'டிப்போ' என்று ஓர் ஆள், ரெண்டு வருஷமாக ராகேஷோடு மல்லுக்கட்டுகிறவர். ஜெயித்தால் ராகேஷ் பட்டியலில் முதல் பெயர். ஒரு மணி நேரம் இழுத்து, ஆட்டம் கைநழுவிக்கொண்டிருந்தது. ராகேஷுக்கு மூச்சு மெஷினையும் மீறி வாங்கிற்று. கண்ணை மூடிக்கொண்டு, "அடுத்தத எடுக்கா" என்றான். அவள் எடுக்க வேண்டியது மேலே இருக்கிற சீட்டை. அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, முழுக்கட்டையும் திறந்து, தேடி, மாமாவை எடுத்துவிட்டாள். ஐந்து விநாடி வேலை. யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். மேசைதான் எதையும் தடுக்காதே! அது தடுக்காது, ஆனால் ரெண்டு பக்கத்துக்கும் ஒன்று விடாமல் கோள் மூட்டும் என்பது அவளுக்குத் தெரியாது.

"இன்னா வந்துச்சு?" என்று அவன் கண்ணைத் திறந்தான்.

"மாமாடா!"

அவன் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சிரித்தான். "எறக்கு" என்றான். மாமா இறங்கி அதகளம் பண்ணிவிட்டார். ஜெயித்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவன் தலையைப் பிடித்து ஆட்டி, நெற்றியில் முத்தம் கொடுத்து, "இன்னா வேணும் சொல்லு, செய்றேன்" என்றாள். கேழ்வரகுக் கஞ்சி கேட்டான். காய்ச்சி எடுத்து வர இருபது நிமிஷம் ஆயிற்று. வந்து பார்த்தால் தொப்பலாக வியர்த்துக் கிடந்தான். துடைத்துவிட்டாள். நாலு ஸ்பூன் குடித்தான், தூங்கினான். விடியற்காலையில் அம்மா புரட்டிப் படுக்கவைக்கப் போனபோது உடம்பில் சூடு இல்லை.

அந்த வரியை அவன் பார்த்தானா? காலையிலிருந்து அவளுக்கு இருந்த ஒரே கேள்வி அதுவாகிவிட்டது. அவன் ஓரத்துப் பட்டையைப் படிக்கிறவன். படித்துப் படித்துத்தான் எதிராளி அடுத்து எங்கே மூக்கை நுழைப்பான் என்று கண்டுபிடிப்பான். அவனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, மாமா பிள்ளைகள் கேரம் ஆட வந்து, பாவம் என்று அவனுக்கு விட்டுக்கொடுத்தார்கள். கண்டுபிடித்துவிட்டான். பலகையைத் தள்ளுகிற பலம் கையில் இல்லாமல் நெற்றியால் முட்டிக் கீழே தள்ளினான். "எரக்கப்பட்டு எங்கிட்ட தோக்கறவன் மூஞ்சில முழிக்கவே மாட்டேன்" என்றான். முழிக்கவும் இல்லை. கல்யாணங்களுக்குப் பத்திரிகை வைக்க வந்தபோதுகூடத் தூங்குவது போல் கிடந்தான். அப்படிப்பட்டவனுடைய கடைசி ஆட்டத்தில், அவன் கையாக இருந்துகொண்டு, அவள் இப்படிச் செய்துவிட்டாள். பார்க்காமல் போயிருந்தால் ஏமாந்து போனான். பார்த்திருந்தால், அவள் மேல் வெறுப்போடு போனான். எப்படிப் பார்த்தாலும் அவள்தான் பாவி.

ராகேஷைப் பெட்டிக்குள் வைத்தார்கள். கண்ணாடிக்குள் முகம் நன்றாகத்தான் இருந்தது. சரியாகச் சொல்வதென்றால் பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் நன்றாக இருந்தது. மாஸ்க்கின் வார் அழுத்திய தழும்பு மட்டும் மூக்கின் மேல் சிவப்பாகத் தெரிந்தது.

வீட்டில் பெரிய அழுகை இல்லை. வந்தவர்கள் வாசலில் குரலெடுத்துவிட்டு, உள்ளே வந்து பார்த்ததும் தணிந்துவிட்டார்கள். அம்மா ராணி சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தாள். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து பிள்ளையைப் புரட்டிப்போட்டே ஆறு வருஷம் கழித்தவள். பக்கத்து வீட்டு சபீனா அக்கா டீ கேனோடு வந்து, எழுப்பப்போன பெரியம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உடுங்கம்மா, தூங்கட்டும். அவங்க தூங்கி நான் பாத்ததே இல்ல."

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் குசுகுசுவென்றே பேசினார்கள். "கஷ்டப்படாம போய்ட்டான்", "ராணிக்கும் விடிஞ்சுது", "இந்தப் பொண்ணுக்கும் இனிமேலாச்சும் ஒரு வழி பொறக்கும்". மோகனப்பிரியாவுக்குக் கேட்டது. கோபம் வரவில்லை. அவளுக்கும் அதே நினைப்புதான். இனிமேல் ஒரு மழைநாளில் கரண்ட் போனால் யாருக்கும் நெஞ்சு அடைக்காது. அந்த நிம்மதி அவளுக்குள் வந்து நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தப் பாழாய்ப்போன ஒரு வரி, அதை உள்ளே விடாமல் வாசலிலேயே மறித்தது.

ரெண்டு மணிக்கு ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். காக்கி பேண்ட், கையில் ரோஜா மாலை, விரல் இடுக்கில் கிரீஸ் கறை. பந்தலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்பது போல் நின்றார்.

மாமா விடுவாரா? "நீங்க யாரு? எந்த வழி?"

"பால்ராஜ்ங்க. ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போல மெக்கானிக். தம்பி நம்ம கூட சீட்டாடும்."

"சீட்டா? எந்த கிளப்ல?"

"கம்ப்யூட்டர்லங்க."

"ரம்மியா!" மாமாவின் குரல் பந்தலைத் தாண்டிப் போனது. "கவர்மெண்டு உத்தியோகத்துல இருந்துகினு, ஒடம்புக்கு முடியாத புள்ளய கூட்டு சேத்துகினு ரம்மியா ஆடிகினு இருந்தீங்க?"

"மாமா, ரம்மி இல்ல. கொஞ்சம் சும்மா இருங்க" என்று ஓடி வந்தாள் மோகனப்பிரியா. ஓடி வந்துவிட்டாளே தவிர, அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. டிப்போ. ரெண்டு வருஷமாகத் திரைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆள். கோள் மூட்டிய வரியைக் கண்ணால் பார்த்தவர். சபையில் போட்டு உடைத்துவிடுவாரோ?

பால்ராஜ் பெட்டியருகே போய் மாலையைக் கண்ணாடி மேல் வைத்தார். உள்ளே படுத்திருந்த மெலிந்த உடம்பைப் பார்த்தார். ஓரமாக மடக்கி வைத்திருந்த சக்கர நாற்காலியை, மெஷினை, கட்டிலைப் பார்த்தார். கட்டிலை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார்.

"கட்டில்ராஜா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு அவளிடம் திரும்பி, "நீதான் அக்காவாம்மா?" என்றார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஒரு நிமிஷம் தனியா பேசணும்மா."

பக்கவாட்டுச் சந்தில், தண்ணீர்த் தொட்டியருகே போய் நின்றார்கள். பட்டாபிராம் சைடிங் ரயில் பாதைக்குள் ஒரு சரக்கு வண்டி நுழைகிற சத்தம் கேட்டது. அது ஓயும் வரை பால்ராஜ் காத்திருந்தார்.

"எம்பையன்தாம்மா இந்த ஆட்டத்த கத்துக் குட்த்தான். அவன் ஓசூருக்கு வேலைக்குப் போய்ட்டான், நான் உட முடியாம ஆடிகினு கீறேன். உன் தம்பி மாதிரி ஒருத்தன பாத்ததில்ல. நான் ரெண்டு சீட்டு எறக்கங்காட்டி நாலாவது சீட்டு இன்னான்னு சொல்லிடுவான். ஏதோ பெரிய ஐடி கம்பெனி ஆளுன்னு நெனச்சிகினு இருந்தேன். சத்தியமா இப்டின்னு தெரியாதும்மா."

"அண்ணா" என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் அவளால் பூசி மெழுக முடியவில்லை. "நேத்து அந்த சீட்ட எடுத்தது நான்ணா. அவனுக்குத் தெரியாது. அவன் கண்ண மூடிகினு இருந்தான். நான்தான் தப்புப் பண்ணிட்டேன். அவன தப்பா நெனச்சிடாதீங்க."

பால்ராஜ் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். தேய்த்துத் தேய்த்து எதையோ தேடினார். "நேத்து எனக்கு மட்டும் தனியா அனுப்ச்சாம்மா. நீயே படி" என்று நீட்டினார்.

கட்டில்ராஜா என்ற பெயருக்கு எதிரே ஆறு வரி இருந்தது.

'அண்ணா எங்க அக்கா கட்ட தொறந்து எடுத்துடுச்சி.'

'நான் பாத்துட்டேன்.'

'ஆட்டம் உங்களுது.'

'நான் தோத்ததா போட்டுட்டேன். நீங்களும் போட்ருங்க.'

'அது கிட்ட சொல்லாதீங்க.'

'ரொம்ப சந்தோஷமா கீது.'

முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவே பதினெட்டு நிமிஷம். ஒற்றைக் கட்டைவிரலால் மவுஸை நகர்த்தி, திரையில் ஒவ்வோர் எழுத்தாகப் போய்த் தொட்டுத் தொட்டு அடித்திருக்கிறான். கஞ்சி கொதித்த நேரம் முழுக்க. அவ்வளவு வியர்த்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது.

மோகனப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. திருட்டுப் பயலே, எல்லாம் தெரிந்துகொண்டா கஞ்சி கேட்டாய்! ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த பெரியம்மா, அழுகிறாள் என்று நினைத்து உச்சுக் கொட்டிவிட்டுப் போனாள்.

பால்ராஜ் அவள் ஓயும் வரை தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நான் இன்னும் போடலம்மா. ரெண்டு பேரும் ஒரே மாதிரி போட்டாத்தான் கணக்குல ஏறும். நீ ஒரு சீட்ட எடுத்ததுக்கு ஜெயிச்ச ஆட்டத்தயே இன்னாத்துக்கு உட்றான்னு எனக்குப் புரியல. வெள்ளிக்கெழம திரும்பி ஆடலாம்னு சொல்லலாம்னு இருந்தேன். காலைல பாத்தா இந்தச் சேதி." போனைக் கையில் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டார். "போட்டி நடத்தறவங்க நமக்குத் தெரிஞ்சவங்கதான். அவன் ஜெயிச்சான்னு நான் சொன்னா மாத்திடுவாங்க. இந்த மாசம் முதல் பேரு அவனுதா நிக்கும். இன்னாமா சொல்ற? நீ சொல்றத போட்டுட்றேன்."

நல்ல மனுஷர். முகத்தில் அவ்வளவு பரிவு இருந்தது. அதைப் பார்க்கும்போது, பலகையை நெற்றியால் முட்டிய பையன் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தான்.

"தோத்துட்டான்னே போடுங்கண்ணா" என்றாள்.

"யோசிச்சி சொல்லும்மா."

"யோசிக்க இன்னாண்ணா கீது? தோத்துட்டான். போடுங்க."

பால்ராஜ் அவளைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பெருவிரலால் ரெண்டு இடத்தில் அழுத்தினார். 'டிப்போ வென்றார்' என்று வந்ததை அவளிடம் காட்டினார். அவள் படித்துவிட்டுத் தலையாட்டினாள். காலையிலிருந்து தோளில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பசித்தது. உள்ளே போய் சபீனா அக்காவிடம் டீ கேட்டு வாங்கி, ரெண்டு பன்னைத் தோய்த்துத் தின்றாள்.

மூன்று மணிக்கு அம்மாவை எழுப்பினார்கள். அவள் எழுந்ததும் பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். "நேரத்தோட எழுப்பக் கூடாதாடி?" என்று மகளைக் கடிந்துகொண்டாள். அப்புறம்தான் அழுதாள். ரொம்ப அழவில்லை. வாய்க்கரிசி போடும்போது அவன் மூக்கின் மேல் இருந்த தழும்பை விரலால் நீவிவிட்டாள்.

வண்டி தெருமுனையில் நின்றது. அதுவரை தோளில் கொண்டுபோக வேண்டும் என்றார் மாமா. "மொத்தமே முப்பது கிலோ. நாலு பேரு போதும். எனக்கு முட்டி ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டு ஆள் தேடினார். மூன்று பங்காளிகள் வந்து நின்றார்கள். நாலாவது மூலைக்கு யாரும் வருவதற்குள் பால்ராஜ் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"நீங்களா?" என்றார் மாமா.

"ஆமாங்க" என்றார் பால்ராஜ்.

மாமா வாயைத் திறந்தார். மோகனப்பிரியா அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

பெண்கள் வாசலோடு நின்றார்கள். பங்காளிகள் மூவரும் குட்டை. பால்ராஜ் அவர்களைவிட ஒரு சாண் உயரம். அவர் பிடித்த மூலை மட்டும் மேலே தூக்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் குனிந்து சமன் செய்யப் பார்த்தார், ஆகவில்லை. அப்படியே நடந்தார். ராகேஷ் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி, பேனரையும் பால் பூத்தையும் தாண்டி, வெயிலில் போய்க்கொண்டிருந்தான்.